காலுறையை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தாருக்கும், அவர்கள் அனுமதியோடு பந்தயம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எதையும் சும்மா விடுகிறவர்கள் இல்லை என்பது உங்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். வீரரின் காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே பாதி தூரத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதிவைத்து, அதை அளந்து பார்க்க ஆளும் நிறுத்தியிருக்கிறீர்கள். சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. குடித்து முடித்த பாட்டிலை எங்கே வீசலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. ஆனால் ராசியில்லாதது என்று பலர் நம்பும் 13-ஆம் எண் கிடைத்தவர், முதுகில் குத்தும் இரண்டு எண்களில் ஒன்றைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு வந்தால் மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறீர்கள். ராசி அவரவர் நம்பிக்கை, போகட்டும் என்று.

போகட்டும்தான். ஆனால் அந்த எண்ணோடு சேர்த்து அதிர்ஷ்டம் என்ற விஷயத்தையே நீங்கள் கைகழுவிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீரர் விழுந்தால் ‘சைக்கிள் பந்தயம் என்றால் அப்படித்தான்’ என்கிறீர்கள். அவரே நான்கைந்து முறை விழுந்தால், எட்டியிருக்க வேண்டியதை எட்டாதவர் என்று வர்ணனையாளர்கள் முத்திரை குத்துகிறார்கள். முதல் பேச்சில் எல்லாம் தலையெழுத்து. இரண்டாவதில் எல்லாம் அவர் குற்றம். இரண்டிலும் உங்கள் பெயர் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ரிச்சி போர்ட்டை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியர். ஒரு வாரப் பந்தயங்களில் அவர் காலத்தில் அவரைவிடச் சிறந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம் ஓடும் பந்தயம்; ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம், எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வெல்வார். 2016 டூரில் இரண்டாம் நாள், செர்பூரில் முடியும் கட்டத்தில், கடைசிச் சில கிலோமீட்டரில் போர்ட்டுக்கு பஞ்சர். சக்கரம் மாற்றி மறுபடி வேகம் பிடிப்பதற்குள் 1 நிமிடம் 45 விநாடி போய்விட்டது. பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது அவர் ஐந்தாவது. முதலிடம் பெற்ற கிறிஸ் ஃப்ரூமைவிட 5 நிமிடம் 17 விநாடி பின்னால். இரண்டாவதாக வந்த ரொமேன் பார்டே 4 நிமிடம் 5 விநாடி பின்னால். கழித்துப் பாருங்கள். அந்த பஞ்சர் இல்லாவிட்டால் கணக்குப்படி போர்ட் 3 நிமிடம் 32 விநாடியில் இருந்திருப்பார், அதாவது இரண்டாமிடத்தில். பந்தயம் கணக்குப்படி நடப்பதில்லை, பின்னால் இருப்பவருக்கு வழி விடுவார்கள், முன்னால் இருப்பவரை விரட்டுவார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு கல்லோ கண்ணாடித் துண்டோ அவருடைய பருவத்தின் முகத்தையே மாற்றியது.

அடுத்த வருடம் ஒன்பதாம் கட்டம். மோன் டு ஷா மலையிலிருந்து இறங்கும்போது போர்ட்டின் சக்கரம் சாலையோரப் புல்லில் ஏறி, அவர் சறுக்கிக்கொண்டே சாலையின் குறுக்கே போய் எதிர்ப்பக்கப் பாறையில் மோதினார். பின்னால் வந்த டேன் மார்ட்டினையும் சாய்த்துவிட்டார். காரை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. 2018-இல் மறுபடி அதே ஒன்பதாம் கட்டம், இம்முறை ரூபேவின் கல் பாவிய சாலைகளை நோக்கிப் போன நாள். கற்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே, பந்தயம் தொடங்கிச் சில கிலோமீட்டரிலேயே விழுந்தார். மறுபடி காரை எலும்பு.

2017-இன் அதே ஒன்பதாம் கட்டத்தில், வேறொரு மலையின் இறக்கத்தில், ஜெரைன்ட் தாமஸும் விழுந்து காரை எலும்பை முறித்துக்கொண்டார். ஒரு காலத்தில் இருவரும் ஒரே அணிக்காரர்கள். தாமஸின் விழுப்புண் பட்டியலும் சின்னதில்லை. 2013 டூரின் முதல் நாளே இடுப்பெலும்பில் விரிசல். அதோடு பாரிஸ் வரை ஓட்டினார். 2017 மே மாதம், இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவில், பிளாக்ஹவுஸ் மலையடியில், சாலையோரம் நிறுத்தியிருந்த போலீஸ் மோட்டார் சைக்கிளில் ஒருவர் மோத, அந்தக் குவியலில் தாமஸின் தோள் மூட்டு நழுவியது. அப்படிப்பட்டவர் 2018-இல் மூன்று வாரம் விழாமல் ஓட்டினார், டூரை வென்றார். அப்போது அவருக்கு வயது 32. அந்த வருடமும் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றிருந்தால், இன்று தாமஸையும் ‘பாவம், அதிர்ஷ்டக்கட்டை’ என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். 2020 ஜீரோவில், பந்தயம் முறைப்படி தொடங்குவதற்கு முன்பான மெதுவோட்டத்தில், உருண்டு வந்த ஒரு தண்ணீர் பாட்டில் அவர் சக்கரத்தில் சிக்கி மறுபடி இடுப்பெலும்பு போனது. பாட்டில் விதி இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இந்த அழகில்தான்.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு நியாயம்தான். மலை இறக்கம் என்பதும் ஒரு வித்தை. போர்ட் ஏற்றத்தில் புலி, இறக்கத்தில் சுமார் என்பது அவர் ரசிகர்களும் ஒப்புக்கொள்வது. யான் உல்ரிச் 23 வயதில் டூரை வென்று, அதன் பிறகு ஒருமுறைகூட வெல்லாமல் போனதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஏறிய எடையும், பிறகு வெளியே வந்த ஊக்கமருந்துக் கதையும் இருக்கின்றன. ரேமோன் பூலிடோர் எட்டு முறை டூரின் மேடையில் முதல் மூவரில் நின்றும் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை ஒரே ஒரு நாள்கூடப் போடவில்லை என்றால், அதில் டூரை ஆண்ட ஆன்க்வெட்டிலும் மெர்க்ஸும் அவர் காலத்தில் பிறந்ததும் ஒரு பங்கு, தாக்க வேண்டிய நேரத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்ததும் ஒரு பங்கு. இதையெல்லாம் உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை.

அதேபோல உடம்பு தரும் துரதிர்ஷ்டத்துக்கும் நீங்கள் பொறுப்பில்லை. 2019-இல் திபோ பினோ டூர்மலே மலையுச்சியில் வென்று, பிரான்ஸே முப்பது வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த வெற்றி இதோ வருகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தொடைத் தசை கிழிந்தது. பத்தொன்பதாம் கட்டத்தில் அழுதுகொண்டே சைக்கிளை விட்டு இறங்கினார். அணித்தோழர் ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்தில் ஓட்டியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஆனால் கூடமே கோணலாக இருக்கும் இடங்களும் உண்டே. அவற்றைக் கட்டியது யார்?

பழைய கதையிலிருந்தே வருகிறேன். 1913 டூரில் யூஜீன் கிறிஸ்டோஃபின் சைக்கிளில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் டூர்மலே இறக்கத்தில் உடைந்தது. துரதிர்ஷ்டம், சரி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சான்த் மாரி டு கம்பான் ஊரின் கொல்லுப்பட்டறைக்கு வந்து, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். யாருடைய உதவியும் பெறக்கூடாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு சிறுவன் கை கொடுத்தான். அதற்காக அவருக்கு நேர அபராதம் போட்டார்கள். நடுவர்கள் பட்டறையிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் உறைக்கும் விஷயம். உடைந்தது ஃபோர்க். அவரை மணிக்கணக்கில் பின்னுக்குத் தள்ளியது விதிப்புத்தகம். ஆனால் வரலாறு அவரை உடைந்த ஃபோர்க்கின் நாயகனாகத்தான் வைத்திருக்கிறது. 1919-இல், முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி போட்ட மனிதராக அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மறுபடி ஃபோர்க் உடைந்தது. அப்போதும் விதி அதேதான்.

இன்று யாரும் கொல்லுப்பட்டறைக்குப் போவதில்லை. அணி கார் வருகிறது. அது எந்த வரிசையில் வருகிறது என்று டிவியில் பார்க்கிறவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பல நாள் பந்தயத்தில் கார்களின் வரிசையைத் தீர்மானிப்பது ஒட்டுமொத்தத் தரவரிசை. யாருடைய வீரர் முன்னணியில் இருக்கிறாரோ அவர் அணியின் கார் முதலில். கடைசி அணியின் கார் இருபதுக்கும் அந்தப் பக்கம், ஏறக்குறைய அடுத்த வளைவில். இப்போது முதல் அணிக்காரருக்கும் கடைசி அணிக்காரருக்கும் ஒரே இடத்தில், ஒரே ஆணியால் பஞ்சர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையைத் தூக்குகிறார்கள். பந்தய வானொலி எண்ணைச் சொல்கிறது. முதலாமவருக்கு மெக்கானிக் குதித்து இறங்கிவிட்டார். அதற்கும் முன்பே கூட ஓட்டிய தோழர் ஒருவர் தன் சைக்கிளையே கொடுத்திருப்பார், இன்னும் மூன்று பேர் அவரைக் காற்றிலிருந்து மறைத்து மேலே கொண்டுபோகக் காத்திருக்கிறார்கள். மற்றவர் ஓரமாக ஒதுங்கி நின்று, எதிரே ஒவ்வொன்றாகப் போகும் கார்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். சைக்கிள் கிடைத்ததும் தனியாக, கார்களின் வாலைப் பிடித்துப் பிடித்து முன்னேற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குழுவில் பிளவு விழுந்து, உங்கள் நடுவர் கார்களை நிறுத்திவைத்தால் காற்றை மறைக்கும் அந்த நிழலும் கிடையாது.

ஆணி ஒன்றுதான், விலை வேறு. இருப்பவருக்கே மேலும் கொடுக்கிற ஏற்பாடு இது. முதல் வாரத்தில் ஏதோ காரணத்தால் நேரம் இழந்தவருக்கு இரண்டாம் வாரத்தில் கார் பின்னால் போகிறது. அடுத்த பஞ்சரில் இன்னும் அதிகம் இழக்கிறார். இரண்டு சிறு தடுமாற்றங்கள் ஒரு பருவத்தையே விழுங்குவது இப்படித்தான். ஒரு திறமைசாலி தொடர்ச்சியாகப் பின்தங்குகிறார் என்று வெளியிலிருந்து பார்க்கும்போது, ‘ஏதோ மனசு சரியில்லை போல’ என்று பேசுகிறோம். கார் வரிசையை அரை நாளுக்கு ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அல்லது முதல் பத்துக்குப் பிறகு சீட்டுக் குலுக்குங்கள்.

மோட்டார் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1968-இல், ஆன்க்வெட்டிலும் மெர்க்ஸும் இல்லாத ஒரு டூரில், பூலிடோரை மோதி வீழ்த்தியது பந்தயத்தோடு வந்த ஒரு மோட்டார் சைக்கிள். 2016-இல் கென்ட் வெவெல்கெம் பந்தயத்தில் விழுந்து கிடந்த அன்டுவான் டெமுவாட்டியே மீது மோட்டார் சைக்கிள் ஏறி, அவர் உயிரே போயிற்று. அதே வருடம் ஜூலை 14 அன்று வென்டூ மலையில், கூட்டம் வழிமறித்ததால் நின்ற மோட்டார் சைக்கிளின் பின்புறம் போய் மோதியவர் வேறு யார்? போர்ட்தான். அவர் பின்னால் ஃப்ரூமும் மோலமாவும். ஃப்ரூமின் சைக்கிள் உடைந்து அவர் மஞ்சள் ஜெர்சியோடு மலைமேல் ஓடியே போன காட்சியை உலகமே பார்த்தது.

அன்று மாலை என்ன செய்தீர்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். முதலில் வந்த பட்டியலில் மஞ்சள் ஜெர்சி ஆடம் யேட்ஸ் பெயரில் இருந்தது. நடுவர் குழு கூடியது. விபத்துக்கு முன் மூவரும் சேர்ந்திருந்தார்கள் என்று பார்த்து, ஃப்ரூமுக்கும் போர்ட்டுக்கும் மோலமாவின் நேரத்தையே கொடுத்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான், கடைசிக் கிலோமீட்டரைக் காட்டும் காற்றடைத்த வளைவு காற்று இறங்கி அதே யேட்ஸ் தலையில் விழுந்து தாடை கிழிந்தது; அப்போதும் 3 கிலோமீட்டருக்கு முன்னால் இருந்த நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள். தட்டையான கட்டங்களில் கடைசிக் கிலோமீட்டர்களில் விழுந்தால் குழுவின் நேரமே கிடைக்கும் என்ற விதியும் ஏற்கெனவே இருக்கிறது. ஆக அதிர்ஷ்டத்தைத் திருத்த முடியாது என்பது உங்கள் கொள்கை இல்லை. கேமராவுக்கு முன்னால், பெரிய பெயர்களுக்கு நடந்தால் திருத்துகிறீர்கள். 140-ஆம் இடத்தில் ஓட்டுகிறவருக்கு நடந்தால் ‘பந்தயம் என்றால் அப்படித்தான்’.

கடோவிட்ஸையும் விட முடியாது. போலந்து சுற்றுப் பந்தயத்தின் அந்த முடிவுக்கோடு இறக்கத்தில் அமைந்தது. மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஸ்பிரின்ட், அதாவது கடைசி விரைவோட்டம், நடக்கும். வீரர்கள் வருடக்கணக்காக முணுமுணுத்த இடம். 2020 ஆகஸ்டில் டிலன் குரோனவேகன் வழியை விட்டு விலகித் தள்ள, ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளுக்குள் பறந்தார். தடுப்புகள் அட்டைப்பெட்டிகளாகச் சிதறின. குரோனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை கொடுத்தீர்கள். அவர் செய்தது தவறு, சரி. இறக்கத்தில் கோடு போட்டவர்கள் எத்தனை மாதம் வீட்டில் உட்கார்ந்தார்கள்? 2025 முதல் வீரருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் மஞ்சள் அட்டை கொடுக்கிறீர்கள். வழித்தடம் போடுகிறவருக்கும் ஒன்று அச்சடிக்கலாமே.

பெண்கள் பக்கம் வந்தால் இந்த வாதம் இன்னும் நேராகிறது. அங்கே மோட்டார் சைக்கிள்கூடத் தேவைப்படவில்லை, பிறந்த வருடமே போதும். நிக்கோல் குக் 2008-இல் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தையும் உலகப் பட்டத்தையும் ஒரே வருடத்தில் வென்றவர். 2013 ஜனவரியில், 29 வயதில், விடைபெற்றுவிட்டார். பெண்களுக்கான உலகச் சுற்று எனும் மேல் வகுப்பு அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததே 2020-இல்தான். பல நாள் ஓடும் பெண்கள் டூர் இப்போதைய வடிவில் வந்தது 2022-இல். அதன் முதல் வெற்றியாளர் அன்னமிக் வான் ஃப்ளூட்டன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தை நோக்கித் தனியாக இறங்கிக்கொண்டிருந்தபோது விழுந்து முதுகெலும்பில் மூன்று முறிவோடு சாலையோரம் கிடந்தவர். அவர் 39 வயதுவரை தாக்குப்பிடித்ததால் அந்த மேடையில் ஏறினார். தாக்குப்பிடிக்காதவர்களைத் திறமை வீணானவர்கள் என்று யாரும் சொல்வதுகூட இல்லை, ஏனென்றால் அவர்கள் பெயரே நமக்குத் தெரியாது.

பெயர் தெரியாதவர்கள்தான் இந்த விளையாட்டில் பெரும்பான்மை. முதல் ஒப்பந்தம் இரண்டு வருடம். அதில் முதல் பருவத்திலேயே தொடையெலும்பு முறிந்தால், எழுந்து நடக்க, ஓட்ட, பழைய வேகம் வர, பருவம் ஒன்று போய்விடும். இரண்டாவது வருடம் ஜூலை ஆகஸ்டில் அணி மேலாளர் அடுத்த வருடத்துக்கான ஆட்களைக் கணக்குப் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது உங்கள் தரவரிசைப் புள்ளிகள். அணியின் உரிமமே மூன்று வருடப் புள்ளிகளில் தொங்குகிறது. 2022 முடிவில் இரண்டு அணிகளை மேல் வகுப்பிலிருந்து இறக்கினீர்கள். அந்தப் பயத்தில் இருப்பவர், படுக்கையில் கிடந்த 21 வயதுப் பையனின் பூஜ்ஜியத்தை என்ன செய்வார்? அவரைத் திட்டி என்ன பயன். எகான் பெர்னாலுக்கு 2022 ஜனவரியில் பயிற்சியின்போது நின்றிருந்த பேருந்தில் மோதி ஏறத்தாழ இருபது எலும்புகள் முறிந்தபோது, அவருடைய அணி காத்திருந்தது. 22 வயதிலேயே டூரை வென்றவர் அவர்; காத்திருப்பார்கள். 2025-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் மறுபடி ஒரு கட்டத்தை வென்றார். டூரை வெல்லாத பெர்னால்களுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்: பந்தயத்தில் பட்ட காயத்தால் இழந்த மாதங்களை, முதல் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்காவது, ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக் கொடுக்க விதி செய்யுங்கள். அந்த மாதங்களுக்கு அணியின் புள்ளிக் கணக்கில் ஏதாவது ஈடு வையுங்கள், மேலாளருக்கும் வலிக்காமல் இருக்கும். விழுந்தவர்கள், விழுந்த இடம், காரணம் எல்லாவற்றையும் பருவ முடிவில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். 2023-இல் பாதுகாப்புக்கென்றே தனி அமைப்பை அறிவித்தவர்கள் நீங்கள். ஒரே வளைவில் மூன்று வருடம் விழுகிறார்கள் என்றால் அது யாருடைய ராசி என்று எங்களுக்கும் தெரியட்டும்.

2024 செப்டம்பரில் சூரிக் உலகப் பந்தயத்தில், ஜூனியர் பெண்கள் பிரிவில் ஓட்டிய 18 வயது மூரியல் ஃபூரர் மழையில் வழி விலகி மரங்களுக்கிடையே விழுந்தார். அவர் விழுந்ததே யாருக்கும் உடனே தெரியவில்லை. மறுநாள் இறந்துபோனார். அவர் என்னவாக ஆகியிருப்பார் என்று எந்தப் புள்ளிப் பட்டியலும் சொல்லாது. ஒவ்வொரு வீரர் இருக்கும் இடத்தையும் காட்டும் கருவியை அதன் பிறகு சோதிக்கத் தொடங்கினீர்கள். அதை எல்லாப் பந்தயங்களிலும், ஜூனியர் பந்தயங்களில் முதலில், எந்தத் தேதியிலிருந்து கட்டாயமாக்கப் போகிறீர்கள்? அணிகளோடு செலவையும் உரிமையையும் பற்றிப் பேசிமுடித்த பிறகு என்ற பதில் வேண்டாம். காலுறை விதிக்கு யாரோடும் நீங்கள் இவ்வளவு நாள் பேசியதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
பந்தயத்தை விடாமல் பார்த்துவரும் ரசிகர் ஒருவர்